பாட்டிலில் செல் வளர்த்து என்ன ஆகப் போகிறது?

அண்ணே, நீங்கள் கேட்டது ஒரு கேள்வி மாதிரி இருந்தாலும் உள்ளே மூன்று இருக்கிறது. மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிரித் தொழில்நுட்பம் எடுக்கப் போகிறாள், ஏதோ செல் கல்ச்சர் என்கிறாள், உயிரணுவைப் பாட்டிலில் போட்டு வளர்த்து யாருக்கு என்ன ஆகப் போகிறது என்பது முதலாவது. அதைப் படித்தால் என்ன மாதிரி வேலை என்பது இரண்டாவது. கோழியைக் கொல்லாமலே கோழிக்கறி வளர்க்கிறார்களாமே, அது சைவமா என்று உங்கள் அம்மா கேட்டது மூன்றாவது. மூன்றிலும் அம்மா கேட்டதுதான் கஷ்டம், அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

நான் இந்தத் தொழிலில் 17 வருடமாக இருக்கிறேன். முதல் ஏழு வருடம் ஆய்வுக்கூடம், அதற்குப் பிறகு இங்கே சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் ஒரு மருந்து ஆலை. அதனால் நான் சொல்வதில் ஆலைக்காரியின் சாய்வு கொஞ்சம் இருக்கும்.

தயிருக்கு உறை ஊற்றுவது உங்களுக்குத் தெரியும். வெதுவெதுப்பான பாலில் ஒரு கரண்டி பழைய தயிர், மூடி வைத்தால் காலையில் பாத்திரம் முழுக்க உறைந்திருக்கும், நாளைக்கு அதிலிருந்து ஒரு கரண்டி அடுத்த பாலுக்கு. நாங்கள் செய்வதும் அடிப்படையில் இதுதான். பாலுக்குப் பதில் சர்க்கரை, அமினோ அமிலம், வைட்டமின், உப்பு எல்லாம் அளந்து கலந்த ஊடகம். மனித செல், விலங்கு செல் என்றால் 37 டிகிரி சூடு, காற்றில் 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. செல் பெருகி இடம் நிறைந்ததும் கொஞ்சம் எடுத்துப் புதுப் பாட்டிலில் விடுவோம். ஆனால் தயிர் பாக்டீரியா கெட்டிக்காரி, புளிப்பை உண்டாக்கி மற்ற கிருமிகளைத் தானே விரட்டிவிடும். எங்கள் செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. உடம்புக்குள் இருந்தபோது ரத்தமும் சிறுநீரகமும் வெள்ளணுக்களும் அதற்குச் செய்துகொண்டிருந்த ஊழியத்தை வெளியே வந்ததும் மனுஷர்கள் செய்தாக வேண்டும். எங்கள் செல் ஒன்று இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் ஆகும், பாக்டீரியா அரை மணிக்குள் இரண்டாகிவிடும். ஒரே ஒரு கிருமி உள்ளே விழுந்தால் போதும், மறுநாள் காலையில் சிவப்பாக இருந்த ஊடகம் மஞ்சளாகிக் கலங்கிப் போயிருக்கும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், வேலையைப் பற்றிப் பேசும்போது திரும்ப வருவேன்.

சரி, பயன். பத்திரிகைகள் ஆய்வகக் கறியைப் பற்றித்தான் எழுதும், ஆனால் இந்தத் தொழில் உங்கள் வீட்டுக்குள் வந்து பல வருடம் ஆகிறது. வரவேற்பறையில் பூச்சாடி இருந்தால் அங்கிருந்தே தொடங்கலாம்.

ஆர்க்கிட் விதை மாவுத்தூள் மாதிரி இருக்கும், ஒரு காயில் லட்சக்கணக்கில். நெல்லுக்கோ அவரைக்கோ விதைக்குள் சாப்பாடு கட்டிக்கொடுத்து அனுப்பும் தாய்ச்செடி, ஆர்க்கிட்டுக்கு அப்படி எதுவும் கொடுப்பதில்லை. காட்டில் ஒருவிதப் பூஞ்சை வந்து ஊட்டினால்தான் அது முளைக்கும். 1922இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கர், பூஞ்சை வேண்டாம், சர்க்கரை கலந்த அகர் கூழிலேயே முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். நம் தாவரவியல் பூங்காவில் (என் தாத்தா கடைசிவரை அதைப் பூமலை என்றுதான் சொல்வார்) எரிக் ஹால்ட்டம் 1928 வாக்கில் ஆர்க்கிட் கலப்பின வேலையை ஆரம்பித்தபோது கையில் எடுத்தது இந்தக் கண்ணாடிக் குடுவை முறையைத்தான். இங்கே வரும் தலைவர்கள் பெயரில் புது ஆர்க்கிட் வகைக்குப் பெயர் வைக்கும் வழக்கம் 1950களில் தொடங்கியதற்கும் பின்னால் இருப்பது அந்தக் குடுவைகள்தான்.

விதையில் ஒரு சிக்கல், பிள்ளைகள் எல்லாம் ஒன்று போல இருக்காது. அழகான கலப்பினம் ஒன்று கிடைத்துவிட்டது, அதே மாதிரி பத்தாயிரம் வேண்டும் என்றால் விதை உதவாது. 1960இல் பிரெஞ்சுக்காரர் ஜார்ஜ் மொரெல், தளிரின் நுனியில் ஊசிமுனை அளவு திசுவை வெட்டி ஊடகத்தில் வளர்த்து, அதைத் துண்டு துண்டாக்கிப் பெருக்கிச் செடியாக்கலாம் என்று காட்டினார். நுனியைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு சூட்சுமம் உண்டு. செடிக்குள் வைரஸ் பரவியிருந்தாலும் அந்த வளர்நுனியில் பெரும்பாலும் இருக்காது. ஒரே வெட்டில் நகலும் கிடைக்கிறது, நோயும் கழிகிறது. அதுவரை பணக்காரர் வீட்டுச் சரக்காக இருந்த ஆர்க்கிட், சந்தையில் சாதாரண விலைக்கு வந்தது இப்படித்தான்.

இதில் எனக்குப் பிடித்த துணுக்கு ஒன்று. தாவர செல் வளர்க்கும் ஊடகத்தில் இன்னும் பல பேர் இளநீர் ஊற்றுகிறார்கள். விளையாட்டில்லை, தேங்காய்க்குள் இருக்கும் நீர் கருவை வளர்க்க இயற்கை வைத்த சத்து, செல்லைப் பிரியத் தூண்டும் சைட்டோகைனின் அதில் நிறைய. 1958இல் ஸ்டூவர்ட் என்பவர் கேரட்டின் தனி செல்களிலிருந்து முழுச் செடியை வளர்த்துக் காட்டியபோதும் ஊடகத்தில் தேங்காய் நீர் இருந்தது. ஆர்க்கிட் குடுவைக்கு வாழைப்பழத்தை மசித்துச் சேர்க்கிறவர்களும் உண்டு. நான் முதன்முதலாக ஒரு தாவர ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தபோது மேஜை மேல் தேங்காயும் வாழைப்பழமும் இருந்ததைப் பார்த்துப் பூஜை என்றே நினைத்துவிட்டேன்.

வாழைப்பழம் என்றதும் ஊர் ஞாபகம் வருகிறது. தேனி, கம்பம் பக்கம் போனால் ஜி-9 என்று வரிசையாக நிற்கும் வாழைத் தோட்டமெல்லாம் திசு வாழைதான். வாழையடி வாழை என்று வாழ்த்துகிறோம், ஆனால் பக்கக்கன்றைத் தோண்டி நட்டால் தாய்மரத்து நூற்புழுவும் முடிக்கொத்து நோயும் கூடவே வந்துவிடும், வாழையடி நோய் என்றும் சொல்லலாம். ஆய்வுக்கூடக் கன்று சுத்தமாக இருக்கும், எல்லாம் ஒரே வயது, அதனால் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தார் தள்ளும், அறுவடைக்கும் லாரிக்கும் வசதி. இன்னொன்று நம்மவர்கள் பெருமைப்பட வேண்டியது: 1964இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சிப்ரா குகா என்ற பெண்மணியும் மகேஸ்வரியும் ஊமத்தம்பூவின் மகரந்தப்பையை வளர்ப்பூடகத்தில் வைத்து, மகரந்தத்திலிருந்தே செடி வரவைத்தார்கள். அந்தச் செடியில் குரோமோசோம் ஒற்றைப்படியாக, அதாவது வழக்கத்தில் பாதிதான் இருக்கும். அதை இரட்டித்துவிட்டால் ஆறேழு தலைமுறை உழைத்துக் கிடைக்கும் தூய வரிசை, அதாவது விதைத்தால் தன்னைப் போலவே பிறக்கும் செடி, ஒரே தலைமுறையில் கையில் இருக்கும். நெல், பார்லி என்று பல பயிர்களில் புது ரகம் உருவாக்குகிறவர்கள் இன்றும் அந்த வழியில்தான் நேரத்தை மிச்சம் பிடிக்கிறார்கள்.

ஆனால் நகல் என்றால் அச்சு அசல் என்று நம்பிவிடக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர்களிடமே அதற்கு ஒரு கசப்பான கதை இருக்கிறது. மலேசியாவில் நல்ல விளைச்சல் தரும் எண்ணெய்ப்பனையைத் திசு வளர்ப்பில் நகலெடுத்து நட்டார்கள். பனை பூத்துக் காய்க்கச் சில வருடங்கள் ஆகும். காய்க்கும்போது பார்த்தால் சில மரங்களில் பூவே கோணல், குலையில் எண்ணெய் இல்லை. மரபணு எழுத்தில் மாற்றம் எதுவும் இல்லை, அப்புறம் ஏன்? விடை கிடைக்க 2015 ஆயிற்று. வளர்ப்பூடகத்தில் இருந்த காலத்தில் கர்மா என்று பெயரிட்ட ஒரு டிஎன்ஏ துண்டின் மேலிருந்த ரசாயனப் பூட்டு கழன்றுவிட்டிருந்தது. பெயரைப் பாருங்கள், நான் வைத்ததில்லை, விஞ்ஞானிகள் வைத்ததுதான். பாட்டிலில் செய்தது தோட்டத்தில் பலித்தது. இன்று அந்தப் பூட்டு இருக்கிறதா என்று கன்றிலேயே சோதித்து, கழன்ற கன்றுகளைக் கழித்துவிட முடியும்.

தாவரத்தை விட்டுத் தடுப்பூசிக்கு வருகிறேன். இங்கே செல் சரக்கு இல்லை, வயல். வைரஸ் தனியாக எங்கேயும் வளராது, உயிருள்ள செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும். தடுப்பூசிக்கு வைரஸ் நிறைய வேண்டும், அதற்கு ஒரு காலத்தில் உயிரோடு இருக்கும் பிராணியைத்தான் பயன்படுத்தினார்கள். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று உங்கள் அப்பா காலத்துக் கதை கேட்டிருப்பீர்கள். அந்த மருந்து ஆட்டு மூளையில் வளர்த்தது. ஊசியோடு மூளைத்திசுவும் சேர்ந்து உள்ளே போவதால், சிலருக்கு உடம்பு தன் நரம்பையே தாக்கிப் பக்கவாதம் மாதிரி வந்துவிடும். நாய்க்கடிக்குப் பயந்து ஊசிக்குப் போனால் ஊசிக்கும் பயப்பட வேண்டியிருந்தது. இப்போது கையில் நாலைந்து ஊசியோடு வேலை முடிகிறது என்றால், வைரஸை வீரோ போன்ற செல்களில் சுத்தமாக வளர்க்க முடிவதால்தான். வீரோ என்பது 1962இல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல் வரிசை. அந்தக் குரங்கு போய் அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது, செல் இன்னும் உலகம் முழுக்கப் பிரிந்துகொண்டிருக்கிறது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் ரேபிஸ் தடுப்பூசி செய்ய இதே வீரோ செல்தான். கோவிட் சமயத்தில் வந்த கோவாக்சினும் சினோவாக்கும்கூட வீரோ செல்லில் வைரஸை வளர்த்து, பிறகு செயலிழக்கச் செய்தவை. டெங்கித் தடுப்பூசிகளுக்கும் அதே வயல்தான்.

எல்லாவற்றுக்கும் வழி திறந்தது போலியோ. 1949இல் எண்டர்ஸ், வெல்லர், ராபின்ஸ் மூவரும் போலியோ வைரஸை நரம்பு இல்லாத திசுவிலும் குடுவையில் வளர்க்கலாம் என்று காட்டி, 1954இல் நோபெல் வாங்கினார்கள். அடுத்த வருடமே சால்க்கின் தடுப்பூசி வந்துவிட்டது. அது குரங்குச் சிறுநீரக செல்லில் செய்தது, அங்கேதான் அடி விழுந்தது. 1960இல் பார்த்தால் அந்தக் குரங்கு செல்களுக்குள் எஸ்வி40 என்ற இன்னொரு வைரஸ் சத்தமில்லாமல் குடியிருந்திருக்கிறது, தடுப்பூசி வழியாகக் கோடிக்கணக்கான பேருக்குப் போயிருக்கிறது. நல்லவேளையாக அதனால் மனிதர்களுக்குப் பெரிய கேடு வந்ததாக நிரூபணம் ஆகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் புதுக் குரங்கைத் தேடுவதை விட, ஒரே செல் வரிசையைத் துருவித் துருவிச் சோதித்து, உறையவைத்துச் சேமித்து, அதையே எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துவது நல்லது என்ற புத்தி வந்தது. இன்று செல் வங்கி என்று நாங்கள் சொல்வது அதுதான். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனுக்குள் சின்னச் சின்னக் குப்பிகள். அதற்குள் செல் சாகவும் சாகாது, வயதும் ஏறாது.

அடுத்து என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். புற்றுநோய்க்கு, முடக்குவாதத்துக்கு, சொரியாசிஸுக்கு என்று இப்போது ஊசி போடுகிறார்களே, டிராஸ்டுசுமாப், ரிட்டுக்சிமாப், அடலிமுமாப் என்று வாயில் நுழையாத பெயர்களோடு, அவை எல்லாம் எதிர்ப்பொருள்கள், ஆங்கிலத்தில் ஆன்டிபாடி என்பார்கள், குறி வைத்த ஒன்றைப் போய்ப் பிடித்துக்கொள்ளும் புரதம். இன்சுலின் சின்னப் புரதம், பாக்டீரியாவே செய்துகொடுத்துவிடும், 1982 முதல் அப்படித்தான் கிடைக்கிறது. எதிர்ப்பொருளோ நாலு சங்கிலியைக் கோத்து, மடித்து, மேலே சரியான சர்க்கரைத் தொகுதியை ஒட்டவைத்த பெரிய புரதம். பாக்டீரியாவுக்கு அந்தக் கைவேலை வராது, பாலூட்டி செல்தான் வேண்டும். அதற்கு உலகமே நம்பியிருப்பது சீன ஹாம்ஸ்டர் என்ற எலிப்பிராணியின் சூலகத்திலிருந்து 1957இல் தியோடர் பக் எடுத்த செல்லை. சுருக்கமாக சிஎச்ஓ, எங்கள் பேச்சில் சோ. வேண்டிய மரபணுவை அதற்குள் நுழைத்துவிட்டால் கறவை மாடு மாதிரி, நாம் தீவனம் வைக்க வைக்க அது புரதத்தை வெளியே சுரந்துகொண்டே இருக்கும். இப்படிப் பாலூட்டி செல்லில் செய்து விற்பனைக்கு அனுமதி வாங்கிய முதல் மறுசேர்க்கை (அதாவது மரபணுவை நுழைத்துச் செய்த) புரத மருந்து 1987இல் வந்தது, மாரடைப்பில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து.

ஆலையில் நடப்பது இதுதான். நைட்ரஜன் தொட்டியிலிருந்து ஒரு மில்லி குப்பி ஒன்றை எடுத்துச் சட்டென்று உருக்குவோம். அது முதலில் கையடக்கக் குடுவை, பிறகு இருபது லிட்டர், இருநூறு லிட்டர், கடைசியில் 2,000 லிட்டர் தொட்டி, சில ஆலைகளில் இன்னும் பல மடங்கு பெரிது. குப்பியிலிருந்து பெரிய தொட்டிக்குப் போகவே மூன்று, நாலு வாரம். அங்கே இரண்டு வாரம் போல வளர்த்துச் சுரக்கவிட்டு, செல்லை வடிகட்டித் தள்ளிவிட்டுப் புரதத்தை மட்டும் சுத்தம் செய்து எடுப்போம். 1980களில் ஒரு லிட்டரில் 50 மில்லிகிராம் கிடைத்தாலே கொண்டாட்டமாம், இப்போது 5 கிராம் சர்வசாதாரணம். செல் மாறிவிட்டதென்பதை விட, அதற்கு எப்போது எதை ஊட்ட வேண்டும் என்று நாம் கற்றுக்கொண்டதுதான் காரணம். துவாஸ் உயிர்மருத்துவப் பூங்காவில் லோன்சா, ரோஷ், ஆம்ஜென் என்று வரிசையாக ஆலைகள் இருக்கின்றனவே, உள்ளே பெரும்பாலும் இந்தக் கறவைதான். பூன் லே பேருந்து முனையத்தில் காலை ஆறரைக்கு நின்று பாருங்கள், கம்பெனிப் பேருந்துக்குக் காத்திருப்பவர்களில் பாதிப்பேர் ஹாம்ஸ்டர் செல்லுக்குச் சாப்பாடு போடப் போகிறவர்கள்.

கோவிட் நேரத்தில் மூக்கில் குச்சி விட்டு நாமே பார்த்துக்கொண்டோமே ஏஆர்டி சோதனை, அந்தக் கோடு தெரிவதும், கர்ப்பச் சோதனைப் பட்டையில் கோடு தெரிவதும், அங்கே ஒட்டவைத்திருக்கும் எதிர்ப்பொருளால்தான். ஒரே குறியை மட்டும் பிடிக்கும் எதிர்ப்பொருளை வற்றாமல் எடுக்க வழி சொன்னவர்கள் கோலரும் மில்ஸ்டைனும், 1975இல். எதிர்ப்பொருள் சுரக்கத் தெரிந்த எலி செல் ஒன்றையும், சாகவே தெரியாத புற்றுநோய் செல் ஒன்றையும் இணைத்து ஒரே செல்லாக்கினார்கள். வேலை தெரிந்தவனையும் ஆயுசு கெட்டியானவனையும் ஒரே ஆளாக்கிய மாதிரி.

மருத்துவமனைப் பக்கம் நான் வேலை பார்த்ததில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். தீக்காயத்தில் உடம்பில் ஒட்டுப்போடத் தோலே மிஞ்சாதவர்களுக்கு, மிச்சமிருக்கும் தபால்தலை அளவு தோலிலிருந்து மேல்தோலை வளர்த்துப் போர்த்தலாம். இதற்கான முறையை 1975இல் ரைன்வால்டும் கிரீனும் கண்டுபிடித்தார்கள், 1983இல் உடம்பு முழுக்க வெந்துபோன இரண்டு சிறுவர்கள் அதனால் பிழைத்தார்கள். வளர்ந்துவரும் தோல் மெல்லியது, வியர்வைச் சுரப்பியோ முடியோ அதில் இருக்காது, ஆனால் உயிரைத் தக்கவைக்கும். ரத்தப் புற்றுநோய்க்கு நோயாளியின் டி செல்லையே (அது ஒருவகை வெள்ளணு) எடுத்து, வெளியே மரபணு மாற்றிப் பெருக்கித் திரும்ப ஏற்றும் கார்-டி சிகிச்சைக்கு 2017இல் அமெரிக்கா அனுமதி தந்தது. சிங்கப்பூரிலும் அந்தச் சிகிச்சை கிடைக்கிறது, விலை கேட்டால்தான் மூச்சு நின்றுவிடும். ஒரே ஒருவருக்காக ஒரு தொகுதி செல்லை வளர்ப்பதால் விலை இறங்கும் வழி இன்னும் பிடிபடவில்லை என்பது என் எண்ணம்.

சோதனைக்குழாய்க் குழந்தையும் செல் வளர்ப்புதான், யாரும் அப்படிச் சொல்வதில்லை, அவ்வளவுதான். கருவுற்ற முட்டையைச் சில நாள் வெளியே வைத்துக் காப்பாற்றுவது எங்கள் அதே ஊடகக் கலை. சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1983இல் பிறந்தது, அந்த மருத்துவக் குழுவின் தலைவர் பேராசிரியர் எஸ். எஸ். ரத்தினம், இலங்கைத் தமிழர். அவருடைய துறையிலேயே இருந்த ஆரிஃப் போங்சோ, அவரும் இலங்கையில் பிறந்தவர், ஐந்து நாள் கருவின் உட்பகுதியிலிருந்து மனிதக் குருத்தணுக்களை, அதாவது உடம்பின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய செல்களை, பிரித்தெடுத்து வளர்த்து 1994இலேயே கட்டுரை வெளியிட்டார். நீடித்து நிற்கும் வரிசையாக அதை அமெரிக்காவில் தாம்சன் ஆக்கியது 1998இல். பெயர் முழுக்க அவருக்குப் போய்விட்டது. உங்கள் மகளிடம் போங்சோவைப் பற்றிச் சொல்லுங்கள், நம் கென்ட் ரிட்ஜ் பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த வேலை அது.

இப்போது இரண்டாவது கேள்வி, வேலை எப்படி. நேராகவே சொல்கிறேன். கண்டுபிடிப்பு என்று அவள் மனதில் படம் வைத்திருந்தால், வேலையில் ஒரு பங்குதான் அது. மீதி எல்லாம் சுத்தம். கையுறைக்கு மேல் 70 சதவீத எத்தனால் தெளித்து, காற்றுத்திரை வீசும் பெட்டிக்குள் கையை விட்டு, பாட்டில் வாயின் மேல் கை கடக்காமல், பேசாமல், அவசரப்படாமல் வேலை செய்ய வேண்டும். எத்தனாலை நூறு சதவீதமாக வைத்தால் இன்னும் நல்லதில்லையா என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். இல்லை, தண்ணீர் கொஞ்சம் இருந்தால்தான் அது கிருமிக்குள் இறங்கும். செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமையும் தெரியாது, தீபாவளியும் தெரியாது. ஊடகம் மாற்ற வேண்டிய நாள் வந்தால் எண்ணெய்க் குளியல் முடித்துவிட்டுக் கிளம்பத்தான் வேண்டும், நான் கிளம்பியிருக்கிறேன்.

கண்ணுக்குத் தெரியும் கிருமி பரவாயில்லை, கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். தெரியாததுதான் ஆபத்து. மைக்கோபிளாஸ்மா என்று ஒன்று உண்டு. அதற்குச் செல்சுவரே கிடையாது, அதனால் பெனிசிலின் அதைத் தொடாது, வடிகட்டியில் நுழைந்து போய்விடும், ஊடகமும் கலங்காது. செல் வளரும், ஆனால் அதன் நடத்தை மாறியிருக்கும். நான் முன்பு இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் நாலு மாத முடிவுகளை இதனால் குப்பையில் போட்டோம். அதில் பாதி என் முடிவுகள். மாதம் ஒருமுறை சோதனை செய்ய வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தது, காகிதம் மட்டும்தான் ஒட்டியிருந்தது. அன்றிலிருந்து என் கண்ணால் சோதனை முடிவைப் பார்க்காமல் யார் கொடுத்த செல்லையும் வாங்குவதில்லை.

அதை விட வெட்கக்கேடு, செல்லே வேறு செல்லாக இருப்பது. 1951இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லேக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுத்த ஹீலா செல், மனித செல்லில் முதன்முதலாகச் சாகாமல் நின்ற வரிசை. அவ்வளவு வேகமாகப் பெருகும் என்பதால் ஒரு துளி தெறித்தாலும் பக்கத்துப் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளும். 1966இல் கார்ட்லர் என்பவர் பதினெட்டு வெவ்வேறு மனித செல் வரிசைகளை எடுத்துச் சோதித்தால், எல்லாமே ஹீலா. கல்லீரல், குடல் என்று பெயர் எழுதி வைத்து எத்தனை ஆராய்ச்சி செய்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள். லேக்ஸ் குடும்பத்துக்கு ஒரு பெரிய நிறுவனத்தோடு வழக்கு முடிந்து சமரசம் ஆனது 2023இல்தான். ஆலையும் தப்பவில்லை. 2009இல் அமெரிக்காவில் ஜென்சைம் நிறுவனத்தின் தொட்டியில் வெசிவைரஸ் புகுந்து உற்பத்தி நின்றதில், கோஷே என்ற அரிய நோய்க்கு மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள் மாதக்கணக்கில் தவித்தார்கள். மூன்று வருடம் கழித்து அதே நோய்க்குக் கேரட் செல்லில் செய்த மருந்து ஒன்று அனுமதி வாங்கியது. விலங்கு வைரஸுக்குக் கேரட்டில் என்ன வேலை?

அதனால் உங்கள் மகளிடம் பார்க்க வேண்டியது மதிப்பெண்ணை மட்டும் இல்லை. ஒரே வேலையை நூறாவது முறையும் முதல் முறை போலச் செய்யும் குணம் இருக்கிறதா, தப்பு நடந்தால் மறைக்காமல் குறிப்பேட்டில் எழுதுவாளா, இந்த இரண்டும்தான். சிந்தியதைச் சொல்லாத ஆளை விட, சிந்திவிட்டு வந்து சொல்கிற ஆளைத்தான் எங்கள் ஆலையில் வைத்துக்கொள்வோம். இரண்டும் இருந்தால் தாராளமாகப் படிக்கட்டும். சேர்ந்த முதல் வருடத்திலேயே ஆலையிலோ ஆய்வுக்கூடத்திலோ பயிற்சி வேலைக்கு இடம் கிடைக்குமா என்று கேட்கச் சொல்லுங்கள், கை பழகாமல் இந்தத் தொழில் வராது.

இனி அம்மா. உலகத்திலேயே முதன்முதலாக ஆய்வகக் கோழிக்கறியை விற்க அனுமதித்த நாடு நாம்தான், 2020 டிசம்பரில். கோழியிலிருந்து செல்லை எடுத்து, என் தொட்டிகளைப் போன்ற தொட்டியில்தான் வளர்க்கிறார்கள். முதலில் அதற்குத் தீவனமாகக் கன்றுச்சீரம் சேர்த்தார்கள், அது சினைமாட்டை அறுக்கும்போது உள்ளே இருக்கும் கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது. கொல்லாத கறி என்று சொல்லிக்கொண்டு அதை ஊற்றுவது எனக்கு அப்போதே நெருடியது. 2023 ஜனவரியில் சீரம் இல்லாத ஊடகத்துக்கும் இங்கே அனுமதி கிடைத்துவிட்டது, அந்தக் குறை தீர்ந்தது. முஸ்லிம் நண்பர்கள் கேட்டால், சாப்பிட அனுமதியுள்ள பிராணியின் செல்லாக இருந்து, செய்முறையில் ஹலால் அல்லாத எதுவும் சேராமல் இருந்தால் சாப்பிடலாம் என்று முயிஸ் எனும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) குழு 2024இல் சொல்லியிருக்கிறது.

விலைதான் பிடிக்கவில்லை. மருந்து ஒரு கிராம் ஆயிரக்கணக்கில் போகும், அதனால் தொட்டிச் செலவு கட்டுபடியாகிறது. கோழி கிலோ சில வெள்ளிதான் (டாலர்), அதே தொட்டி, அதே சுத்தம், அதே மின்சாரம், எப்படிக் கட்டும்? 2024இல் கடையில் விற்ற உறைந்த பொட்டலத்தில் கோழி செல் 3 சதவீதம், மீதி தாவரப் புரதம். அதையும் கணக்கில் வைத்துத்தான் அதைப் பற்றி வரும் பெரிய பேச்சைக் கேட்க வேண்டும்.

சைவமா என்றால், அண்ணே, எந்த உயிரும் அதற்காகச் சாகவில்லை என்பது உண்மை, தட்டில் இருப்பது கோழியின் செல் என்பதும் உண்மை. எங்கள் மாமியாரிடம் இதையே சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் வெள்ளிக்கிழமை வேண்டாம், சனிக்கிழமை பார்க்கலாம்" என்றார்.